நிறத்தை எழுதி வையுங்கள்: அவுஸ்திரேலிய றக்பி லீக் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், தேசிய றக்பி லீக் (என்.ஆர்.எல்.) நிருவாகத்துக்கும், கழகங்களில் ஜேர்சி, இலச்சினை, விற்பனைப் பொருள்கள் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அலுவலர்களுக்கும்.

மதிப்பிற்குரியீர்,

2027இல் பேர்த் பெயார்ஸ் (கரடிகள்) அணியும் 2028இல் பப்புவா நியூகினி அணியும் உங்கள் சுற்றுப்போட்டியில் சேரவிருக்கின்றன. ஒரு புதிய அணி முதற்பந்தைத் தொடுவதற்கு வெகு முன்னரே அதன் தொப்பியும் ஜேர்சியும் கடைக்கு வந்துவிடும் என்பது இன்றைய வழக்கம். புதிய உடுப்புகளைப் பற்றிய பேச்சு நடக்கும் இந்த வேளையில் உங்களிடம் ஒன்றைக் கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ஒவ்வொரு கழகத்துக்கும் உரிய நிறங்கள் எவை, அவை உடுப்பில் எந்த அமைப்பில் வர வேண்டும், அவற்றை மாற்றுவதற்கோ அவற்றை விட்டு விலகிய சிறப்பு ஜேர்சி ஒன்றை வெளியிடுவதற்கோ முன்னர் யார் யாரைக் கேட்க வேண்டும் என்பனவற்றை ஆணைக்குழு எழுத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டை எவரும் பார்க்கக்கூடியதாக வெளியிடவும் வேண்டும்.

மேற்குச் சிட்னியில் துங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில், வெஸ்ட்மீட் எனப் புகையிரதப் பாதையை ஒட்டி வாழும் பெருந்தொகையான தமிழ்க் குடும்பங்களுள் ஒன்று எங்களுடையது. மேஸ் ஹில் முருகன் கோவிலிலிருந்து பரமாட்டா மைதானத்துக்குக் காரில் சில நிமிடங்களே ஆகும். கோவில் தரிப்பிடத்தில் நிற்கும் கார்களின் பின்கண்ணாடியில் வேலும் பரமாட்டா அணியின் சின்னமான விலாங்கு மீனும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். எங்களில் பலர் இலங்கையில் அறிந்திருந்தது பதினைந்து பேர் ஆடும் மற்றைய றக்பி. ஆயினும் கொழும்பு ரோயல் கல்லூரியின் நீலத்தையும் பொன்னையும் கண்டு வளர்ந்தவர்களுக்குப் பரமாட்டாவின் நீலமும் பொன்னும் பழகுவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை. பதின்மூன்று பேர் ஆட்டத்தின் விதிகள் பிடிபடுவதற்குத்தான் காலம் எடுத்தது. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்த ஜேர்சிகளுக்குப் பணம் கட்டும் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் படித்து உடன்பாடோ மறுப்போ சொல்ல வேண்டும் என்பதே. உங்களுக்குரிய ஆங்கிலப் பிரதி தனியே அனுப்பப்படும்.

ஒரு நிறம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு உங்கள் சொந்த வரலாறே சாட்சி. 1908இல் சிட்னிச் சுற்றுப்போட்டி தொடங்கியபோது இருந்த கழகங்களுள் ஒன்றான வட சிட்னி பெயார்ஸ் 1999ஆம் ஆண்டுப் பருவத்தோடு முதற்தர ஆட்டத்திலிருந்து வெளியேறியது. மான்லியுடன் சேர்த்து உருவாக்கப்பட்ட நோர்தேர்ன் ஈகிள்ஸ் என்ற அணி 2002ஐத் தாண்டவில்லை. வட சிட்னிக் கழகம் கடைசியாக முதற்தரக் கிண்ணம் வென்றதோ 1922இல். அதாவது, கிண்ணமும் இல்லை, அணியும் இல்லை, தொலைக்காட்சி நேரமும் இல்லை. அப்படியிருந்தும் சிவப்பும் கறுப்பும் அணிந்தவர்கள் கால் நூற்றாண்டாகக் கீழ்ப்பிரிவு ஆட்டங்களுக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். நாட்டின் மறுகரையில் உள்ள பேர்த் நகரத்துக்கு உரிமம் வழங்கும்போது நீங்கள் புதிய விலங்கொன்றையும் புதிய நிறங்களையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கரடியையும் அந்த இரு நிறங்களையும்தான் தேடிச் சென்றீர்கள். அந்த மதிப்பை உருவாக்கியது எந்த விற்பனைப் பிரிவும் அல்ல. அணி இல்லாத காலத்திலும் பழைய ஜேர்சியைக் களையாமல் வைத்திருந்தவர்களே அதை உருவாக்கினார்கள்.

தென் சிட்னியின் கதை இன்னும் நன்கு அறியப்பட்டது. 2000, 2001 ஆகிய இரு பருவங்களும் அக்கழகம் வெளியே நிறுத்தப்பட்டபோது, சிவப்பும் பச்சையும் அணிந்த பல்லாயிரம் பேர் சிட்னி வீதிகளில் ஊர்வலம் போனார்கள், வழக்கும் நடந்தது, 2002இல் அணி திரும்பி வந்தது, 2014இல், 43 ஆண்டுகளுக்குப் பிறகு, கிண்ணத்தையும் வென்றது. அந்த ஊர்வலத்தின் ஒளிப்படங்களில் பதாகைகளைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. வீதியின் நிறமே கோரிக்கையைச் சொல்லிவிடுகிறது.

இரண்டு கழகங்கள் ஒன்றாக்கப்படும்போது நிறம் ஓர் உடன்படிக்கையாகவும் ஆகிறது. 1999இல் சென் ஜோர்ஜும் இல்லவாராவும், 2000இல் பல்மெயினும் மேற்குப் புறநகர்க் கழகமும் இணைந்தபோது, எந்தக் கோடு யாருடையது என்பதே இரு தரப்பினரும் முதலில் பார்த்த விடயம். 1956 முதல் 1966 வரை தொடர்ந்து பதினொரு முறை கிண்ணம் வென்ற சென் ஜோர்ஜின் சிவப்பு வீ (V) வடிவக் கோடு, இணைந்த அணியின் மார்பிலும் இருக்கிறது. பல்மெயினின் செம்மஞ்சளும் மேற்குப் புறநகரின் கறுப்பு வெள்ளையும் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் உடுப்பில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அதில் வெள்ளையின் அகலம் ஓராண்டு சற்றுக் குறைந்தாலும் ஒரு வட்டாரத்தார் அதைத் தங்களுக்கு நேர்ந்த இழப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். வெளியாருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். தங்கள் கழகத்தின் தனி வாழ்வையே விட்டுக்கொடுத்தவர்களிடம் எஞ்சியிருப்பது அந்தக் கோடு மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

இவ்வளவு அழுத்தமான ஒன்று ஏன் இப்போது ஆண்டுக்கு ஆண்டு ஆட்டம் காண்கிறது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ஒரு தொழில்நுட்பத்தில் இருக்கிறது. பழைய பருத்தி ஜேர்சியில் நிறத்தை மாற்றுவது செலவான காரியம். கிடைக்கோடுகள் சாயமேற்றிய நூலிலேயே பின்னப்பட்டன. வீ வடிவம் வேண்டுமென்றால் வேறு நிறத் துணியைத் தனியே வெட்டி இணைத்துத் தைக்க வேண்டும். முதுகு இலக்கமும் தைக்கப்பட்டதே. ஒரு வடிவத்தைத் தேர்ந்த கழகம் அதைவிட்டு இலகுவில் விலகாமல் இருந்ததற்குப் பற்று மட்டுமல்ல, தையற்கூலியும் ஒரு காரணம். இன்று நடைமுறையில் இருப்பது சப்ளிமேஷன். காகிதத்தில் அச்சிட்ட சாயத்தை வெள்ளைப் பொலியெஸ்டர் துண்டுகளின் மேல் வைத்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்தி, ஆவியாக்கி, நாருக்குள்ளேயே ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு நிறமானாலும் இருபது நிறமானாலும், நேர்கோடானாலும் புலியின் முகமானாலும், செலவு அநேகமாக ஒன்றுதான். இயந்திரத்தில் எதையும் மாற்றத் தேவையில்லை; கோப்பை மாற்றினால் போதும். சிறப்பு ஜேர்சிகள் பெருகியதன் அடிப்படை இதுவே.

நான் இந்த முறைக்கு எதிரி அல்லன். வியர்வையில் கனத்துப்போகும் பருத்தியை விட இது இலேசானது, கழுவினாலும் வெளிறாது, மழையில் ஆடுபவனுக்கு வசதியானது. ஆனால் ஆட்ட உடுப்பின் பிரதியாக இரசிகர்களுக்கென்று கடையில் தொங்கும் ஜேர்சி ஒன்றை எடுத்து உட்புறம் திருப்பிப் பாருங்கள்: நிறம் வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது, உள்ளே வெள்ளை. உடலோடு இறுக்கமாக அணிந்தால் துணி நீளும் இடத்தில் அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும். வெட்டும்போது கவனம் தப்பினால் மார்பின் வீ தோள் தையலில் முதுகுப்புறக் கோட்டைச் சந்திக்காமல் ஒரு விரல் அகலம் விலகி நிற்கும். பெரியவர் அளவுக்கு வரைந்த வடிவத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் அளவுக்கு அப்படியே சுருக்குவதால் கோடுகள் நூலாகிவிடும், அல்லது சுருக்காமல் விடுவதால் பாதிக் கோடு அக்குளுக்குள் போய்விடும். திரையில் சரியாகத் தெரிந்த குயின்ஸ்லாந்தின் அரக்கு நிறம் துணியில் கத்தரிப்பூ நிறமாக வருவதுமுண்டு. கரை பொருந்தாமல் தைத்த பட்டுச் சட்டையைத் தையற்காரரிடம் திருப்பிக் கொடுக்கும் எங்கள் வீட்டுப் பெண்கள் இவற்றை முதற்பார்வையிலேயே கண்டுவிடுகிறார்கள். பதிவேட்டில் நிறத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. சாயமேற்றிய துணித்துண்டு ஒன்றும், ஒவ்வொரு அளவிலும் கோடு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்ற வரைபடமும் அதில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இனிச் சிறப்பு ஜேர்சிகளுக்கு வருகிறேன். உள்ளூர் உடுப்பு, வெளியூர் உடுப்பு என்ற இரண்டுக்கு மேல் படைவீரர்களை நினைவுகூரும் அன்சாக் சுற்றுக்கு ஒன்று, ஆதிக்குடியினர் சுற்றுக்கு ஒன்று, பெண்களைப் போற்றும் சுற்றுக்கு ஒன்று, பழைய காலத்தை நினைவூட்ட ஒன்று எனப் பருவம் முழுவதும் புதிய உடுப்புகள் வருகின்றன. 2010களின் நடுவில் மார்வெல் கதாநாயகர்களின் உடுப்பில் சில அணிகள் களமிறங்கியதையும் பார்த்தோம். அதைப் பார்த்துச் சிரித்ததைத் தவிர வேறு பயன் இருந்ததாகத் தெரியவில்லை. பெரியவருக்கான பிரதி ஜேர்சி ஒன்றின் விலை 150 டொலரைத் தாண்டுகிறது. நான்கு பேர் கொண்ட வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கினாலும் அடுத்த பருவத்துக்குள் அளவு போதாமற் போய்விடும். எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை என்று நீங்கள் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளையோடு மைதானக் கடை வாசலைக் கடந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் போதாது.

செலவை விடவும் என்னைக் கவலைப்படுத்துவது அவசரம். 2023இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் தன் அன்சாக் ஜேர்சியை வெளியிட்டது. அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களின் தியாகத்தை நினைவுகூர வேண்டிய அந்த உடுப்பின் மேல் இருந்த வீரர்களின் உருவம் அமெரிக்கப் படையினருடையது என்பதைப் பொதுமக்கள் கண்டுபிடித்தார்கள். கழகம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இதில் எவருக்கும் கெட்ட நோக்கம் இருந்திருக்காது. படத்தைத் தேர்ந்தவருக்கும் அச்சுக்கு அனுப்பியவருக்கும் இடையில் போரில் பணியாற்றிய ஒருவரோ, படைவரலாறு தெரிந்த ஒருவரோ ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. அப்படி ஒருவரிடம் காட்ட வேண்டும் என்ற விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

அதற்கு முந்திய ஆண்டு மான்லியில் நடந்தது இதைவிட ஆழமான காயம். 2022 ஜூலையில், சிட்னி ரூஸ்டர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்துக்காக, வழக்கமான வெள்ளைக் கோடுகளுக்குப் பதில், பால்புதுமைச் சமூகத்தினரை வரவேற்கும் வானவில் நிறக் கோடுகள் கொண்ட ஜேர்சியைக் கழகம் அறிவித்தது. அதை அணிய வேண்டியவர்களிடம் முன்கூட்டிப் பேசவில்லை. தங்கள் சமயத்தையும் பண்பாட்டையும் காரணம் காட்டி ஏழு ஆட்டக்காரர்கள் அந்த ஆட்டத்திலிருந்து விலகினார்கள். பயிற்றுநர் டெஸ் ஹாஸ்லர், ஆட்டக்காரர்களிடமும் பால்புதுமைச் சமூகத்தினரிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். றக்பி லீக் ஆட்டக்காரர்களுள் முதன்முதலாக, 1995இல், தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளியே சொன்ன இயன் ரொபேட்ஸ் ஆடிய கழகமும் இதே மான்லிதான். அந்தக் கதையைச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கழகம் கிடைக்காது. ஆறு மாதத்துக்கு முன்னர் ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, அணியாதவர்களுக்கு என்ன வழி என்பதையும் தீர்மானித்து வெளியிட்டிருந்தால் அது பெருமையாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கடைசியில் வரவேற்பைப் பெற வேண்டிய சமூகம் ஒரு வாரம் முழுவதும் தன் இருப்பைப் பற்றிய விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜேர்சிகள் மட்டும் விரைவாக விற்றுத் தீர்ந்தன. விற்றுத் தீர்ந்தது என்பதை ஒரு வடிவமைப்பு வெற்றி பெற்றதற்கு அளவுகோலாக வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆதிக்குடியினர் சுற்றின் ஜேர்சிகளை நான் இந்தக் குறைகளோடு சேர்க்கவில்லை. உங்கள் உடுப்புகளில் மிகச் சிறந்தவை அவையே என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆதிக்குடி ஓவியர் ஒருவர் தம் நாட்டின் ஆற்றையும் பாதையையும் கூடுமிடத்தையும் புள்ளிகளாலும் வளைவுகளாலும் வரைய, கழகத்தின் நிறம் அதற்குத் தளமாக நிற்கிறது. பரமாட்டாவின் பெயரும் விலாங்குச் சின்னமும் டாறுக் மக்களின் புறமட்டகல் குலத்தாரிடமிருந்து வந்தவை என்பதால் அங்கே அந்த ஓவியம் விருந்தாளியும் அல்ல. ஆனால் இங்கும் எழுதி வைக்க வேண்டியது உண்டு. ஹரல்ட் தோமஸ் வடிவமைத்து 1971இல் அடிலெய்டில் முதன்முதலாக ஏற்றப்பட்ட ஆதிக்குடியினர் கொடியின் பதிப்புரிமை அவருடையது என்று 1997இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது. பின்னர் ஆடைகளில் அதைப் பயன்படுத்தும் தனியுரிமை ஒரு நிறுவனத்துக்குப் போனது. 2019இல் அந்த நிறுவனம் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக் (ஏ.எப்.எல்.) உட்படப் பலருக்கு அறிவித்தல் அனுப்பியது. ஆதிக்குடி மக்களே தங்கள் கொடியைச் சட்டையில் போடப் பயந்த நிலை 2022 ஜனவரியில் அரசு 20 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து உரிமையை வாங்கும் வரை நீடித்தது. அதே 2022இல் உற்பத்தித்திறன் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையின்படி, ஆதிக்குடிக் கலைப்பாணி நினைவுப்பொருள்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் ஆதிக்குடியினர் செய்யாத போலிப் பொருள்களுக்கே போகிறது.

ஆகவே ஒவ்வோர் ஆதிக்குடி ஜேர்சியிலும் ஓவியரின் பெயரும் அவருடைய மக்களின் பெயரும் கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் அச்சிடப்பட வேண்டும். கதை எழுதிய அட்டையைத் தொங்கவிடுகிறீர்கள். அது நல்லது, ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே குப்பைக்குப் போய்விடும். ஓவியருக்கு ஒருமுறைக் கட்டணம் மட்டுமா, விற்கும் ஒவ்வொன்றிலும் பங்கும் உண்டா, மறு ஆண்டு அதே ஓவியத்தைத் தொப்பியிலும் தண்ணீர்ப் போத்தலிலும் போட மீண்டும் அனுமதி கேட்கப்படுமா என்பவற்றையும் பதிவேட்டில் பார்க்க முடிய வேண்டும்.

இதே கவனம் பப்புவா நியூகினிக்கு இரட்டிப்பாக வேண்டும். றக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் அந்த நாட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. தேசிய அணியான குமுல்ஸ், நாட்டின் சின்னமான சொர்க்கப் பறவையின் பெயரைத் தாங்கியது. குயின்ஸ்லாந்துக் கிண்ணத்தில் 2014 முதல் ஆடிவரும் ஹண்டர்ஸ் அணி 2017இல் அக்கிண்ணத்தை வென்றும் காட்டியது. அங்கு வடிவமைப்பாளர்கள் முதலில் கைவைக்க நினைப்பது பிலும் எனப்படும் முடிச்சுப் பைகளின் கோலங்களாகவே இருக்கும். அவை எந்த மாவட்டத்துப் பெண்களுடையவை, யாரிடம் கேட்பது என்று விசாரிக்காமல் அவற்றைப் பொலியெஸ்டரில் ஏற்றிவிடாதீர்கள். அந்நாட்டுக் கொடியை 1971இல் வடிவமைத்தவர் சூசன் கரிக்கே என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. அந்தக் கொடி எத்தனையோ சட்டைகளிலும் முகங்களிலும் வரையப்பட்டிருக்கிறது. 2017இல் அவர் இறந்தபோது, உரிய அரச மரியாதைக்காகக் குடும்பத்தினர் உடலை அடக்கம் செய்யாமல் பல வாரங்கள் காத்திருந்தார்கள். வரைந்தவரை மறப்பது எவ்வளவு இலகு என்பதற்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

விலையும் அங்கே ஒரு வடிவமைப்புப் பிரச்சினைதான். சிட்னி விலைக்கு விற்கப்படும் ஜேர்சியை தலைநகர் போர்ட் மொரெஸ்பியின் சந்தையில் உழைக்கும் ஒருவரால் வாங்க முடியாது. அவர் போலியைத்தான் வாங்குவார், அவரைக் குற்றஞ்சொல்லவும் முடியாது. ஆகவே நிறமும் வடிவமும் அதேயாக, துணியும் வேலைப்பாடும் எளியனவாக, அந்நாட்டு வருமானத்துக்கு ஏற்ற விலையில் அதிகாரபூர்வமான ஓர் உடுப்பு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அந்நாட்டுத் தையற்கூடங்களிலேயே அதைத் தைக்க முடிந்தால் இன்னும் நன்று.

அனுசரணையாளர் சின்னங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1976இல் கிழக்குப் புறநகர் அணி ஒரு கார் விற்பனை நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வந்த நாளிலிருந்து இது பழகிப்போன விடயம், பணமின்றிக் கழகம் நடக்காது என்பதும் தெரியும். ஆயினும் ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1982 முதல் 1995 வரை உங்கள் கிண்ணம் ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கியது. 1963 இறுதியாட்டத்தின் முடிவில், சேற்றில் நனைந்து எந்த நிறமும் தெரியாமல் தழுவி நின்ற நோர்ம் புரோவன், ஆதர் சமன்ஸ் இருவரின் ஒளிப்படத்திலிருந்து வார்த்த அந்த வெண்கலச் சிலையின் பீடத்தில் சிகரெட்டின் பெயர் இருந்தது. 1992ஆம் ஆண்டுப் புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் வந்தபோது ஆட்டமே வீழ்ந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். பெயர் போனது, சிலை இருக்கிறது, இன்று அது அந்த இருவரின் பெயரையே தாங்குகிறது.

சூதாட்ட நிறுவனங்களின் சின்னங்களும் அதே வழியில் போக வேண்டியவை. பீட்டா மர்பி தலைமையிலான நாடாளுமன்றக் குழு 2023 ஜூனில் 31 பரிந்துரைகளோடு அறிக்கை தந்து, இணையச் சூதாட்ட விளம்பரங்கள் மூன்று ஆண்டுகளில் படிப்படியாக முற்றாக நீக்கப்பட வேண்டும் என்றது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உதைபந்தாட்டக் கழகங்கள், 2025–26 பருவத்தின் முடிவோடு ஆட்ட உடுப்பின் முன்புறத்திலிருந்து அச்சின்னங்களை எடுத்துவிட 2023இலேயே இணங்கின. அரசாங்கம் சட்டம் இயற்றட்டும் என்று நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகள் அளவில் தைக்கப்படும் எந்த ஜேர்சியிலும், காற்சட்டையிலும், தொப்பியிலும் சூதாட்டம், மது ஆகியவற்றின் சின்னமோ, அந்த நிறுவனத்தை நினைவூட்டும் நிறமோ சொல்லோ இருக்கலாகாது என்று ஒரு வரியை ஆணைக்குழு இன்றே எழுதலாம். அந்த இடத்தைச் சிறுவர் மருத்துவமனைக்குக் கொடுத்தாலும் சரி, வெறுமையாக விட்டாலும் சரி.

மாற்றமே கூடாது என்பது என் வாதம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் லீ நகரத்துக் கழகம் 2022இன் இறுதியில் தன் பழைய பெயரை விட்டு லெபர்ட்ஸ் என்று பெயர் மாற்றி, சிறுத்தைப் புள்ளிகளை ஜேர்சியிலும் காற்சட்டையிலும் போட்டபோது நாடு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தவர்களில் ஒருவன். 2023 ஓகஸ்டில் அதே புள்ளிகளோடு வெம்ப்ளியில் ஹல் கே.ஆர். அணியை 17–16 என்று வீழ்த்தி, 1971க்குப் பிறகு முதன்முறையாகச் சலஞ்ச் கிண்ணத்தை அவர்கள் வென்றார்கள். நகரத்துப் பாட்டிமார் வரை சிறுத்தைப் புள்ளி அணிந்து வந்தார்கள். அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டு, தொப்பியிலிருந்து காலுறை வரை அது முழுமையாக நிறைவேற்றப்பட்டது, அடுத்த ஆண்டு கைவிடப்படவும் இல்லை. துணிந்து மாறுவதும் ஆண்டுதோறும் தடுமாறுவதும் ஒன்றல்ல. இதே நாட்டில் விகன் கழகத்தின் செர்ரிப்பழச் சிவப்பும் வெள்ளையும், சென் ஹெலன்ஸின் சிவப்பு வீயும் தலைமுறைகளாக எதிரெதிரே நின்று ஆடுகின்றன. அவர்களுக்குச் சிறுத்தைப் புள்ளி தேவைப்படவில்லை.

ஆகவே பேர்த் அணியின் முதற் பருவம் தொடங்குவதற்கு முன்னர் பதிவேட்டைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கழகமும் தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்து, தன் அடிப்படை உடுப்பைப் பதியட்டும். பதிந்த உடுப்பு குறைந்தது மூன்று பருவங்களுக்கு மாறாதிருக்கட்டும். அதன் பின்னர் மாற்ற விரும்பினால் மீண்டும் வாக்கெடுக்கட்டும். ஆதிக்குடியினர் சுற்றையும் அன்சாக் சுற்றையும் தவிர ஒரு கழகத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிறப்பு ஜேர்சி போதும் என்பது என் கருத்து. இரண்டு வேண்டும் என்று எவரேனும் வாதிட்டால் அதையும் கேட்கலாம். எதுவானாலும், அணியப்போகும் ஆட்டக்காரர்களிடமும், உடுப்பு எவரைப் பற்றிப் பேசுகிறதோ அவர்களிடமும் வடிவம் முன்கூட்டியே காட்டப்பட்டது என்ற குறிப்பும் தேதியும் பதிவேட்டில் இல்லாமல் அச்சுக்குப் போகக்கூடாது. ஓர் உடுப்பு எந்த மாதம் பழையதாகப் போகிறது என்பது கடையில் விலைச்சீட்டின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பருவ முடிவில் பாதி விலைக்கு வரும் என்பது தெரிந்தால் காத்திருக்கக்கூடிய குடும்பங்கள் காத்திருக்கும்.

பதிவேட்டின் முதற்பக்கத்துக்குப் பரமாட்டாவை எடுத்துக்கொண்டால் மகிழ்வோம். எந்த நீலம், எந்தப் பொன் என்று முடிவு செய்வதற்கு மாதிரி வேண்டுமென்றால், கடைசியாகக் கிண்ணம் வென்ற 1986ஆம் ஆண்டின் ஜேர்சிகள் இப்பகுதியில் இன்னும் பலரது அலுமாரிகளில் இருக்கின்றன. அதிகம் கழுவி வெளிறிப்போனவற்றை நாங்களே ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறோம். ஒரு நாளைக் குறித்து அறிவியுங்கள்.

இங்ஙனம்,
துங்காபியிலிருந்து ஒரு பரமாட்டா இரசிகன்